மொஹேர் பின்னலாடை: பட்டுபோல் மின்னும் ஆட்டுமுடி, அந்த ஆடு நம் ஊருக்கு ஆகுமா?

ஏனாத்தூரில் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு வருபவர்களில் சிலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பதுண்டு: "சார், இந்தச் சுருள்முடி ஆடு நம்ம பக்கம் வளருமா? முடிக்கே நல்ல விலையாமே?" படத்தில் இருப்பது அங்கோரா வெள்ளாடு. அதன் முடிதான் மொஹேர்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அங்கோரா வெள்ளாட்டின் முடி மொஹேர். அங்கோரா என்ற பெயரில் விற்கும் நூல் அங்கோரா முயலின் முடி. லடாக்கின் சாங்தாங்கி ஆட்டிலிருந்து வருவது பஷ்மினா. மூன்றும் வேறு, விலையும் வேறு.

மொஹேரின் சிறப்பு என்ன?

பட்டு நெசவு பார்த்து வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. செம்மறிக் கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே செதில்கள் தூக்கி நிற்கும். மொஹேரில் அவை படிந்து கிடக்கும். அதனால்தான் பட்டுக்கு நெருக்கமான பளபளப்பு. துவைக்கும்போது இழைகள் சிக்கிச் சுருங்குவதும் கம்பளியைவிடக் குறைவு. சாயம் அழுத்தமாகப் பிடிக்கும், கசக்கினாலும் மடிப்பு நிற்காது. பின்னிய துணியை பிரஷால் வாரி முடியை எழுப்புவார்கள். அந்த மெல்லிய முடிப்படலத்தில் காற்று தங்குவதால் எடை குறைந்த ஸ்வெட்டரும் நல்ல சூடு தரும். இழை வழுக்கும் என்பதால் நைலான், கம்பளி அல்லது பட்டு நூலோடு சேர்த்து முறுக்குவது வழக்கம். குட்டி மொஹேர் 70, பட்டு 30 சதவீதம் கலந்த நூலுக்குக் கைப்பின்னல் செய்பவர்களிடம் நல்ல மதிப்பு உண்டு.

சிலருக்கு இது உடம்பில் உறுத்தும். காரணம் ஆட்டின் வயது. குட்டியின் முதல் வெட்டு முடி சுமார் 25 மைக்ரான் தடிமன்தான். முதிர்ந்த ஆட்டில் 35-ஐத் தாண்டிவிடும். மென்மையான ஸ்வெட்டருக்குக் குட்டி முடி, கோட்டுத் துணிக்கும் விரிப்புக்கும் முதிர்ந்த முடி. ஆக, ஆட்டுக்கு வயது ஏற ஏற முடியின் விலை இறங்கும். ஆடு விற்க வருபவர் குட்டி முடி விலையைத்தான் சொல்வார்.

கடையில் வாங்கினால், பட்டுக்குச் செய்யும் அதே சோதனைதான். ஓர் இழையைக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் அது விலங்கு இழை. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக் போன்ற செயற்கை இழை.

ஆடு வளர்க்கலாமா?

என் பதில்: நம் மாவட்டத்தில் வேண்டாம். இது துருக்கியின் அங்காரா பக்கத்து வறண்ட மேட்டுநில ஆடு. இன்று உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கும் வறண்ட கரூ பகுதிதான் இதற்குப் பெயர்போனது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த அடர்முடி நம் ஈரக்காற்றில் எளிதில் காயாது. தோல் அழுகல், உண்ணி, குடற்புழு எல்லாம் சேர்ந்து வரும். முடி வெட்டிய சில வாரங்களுக்குள் மழையில் நனைந்தால் குளிர் தாங்காமல் ஆடு செத்தே போகலாம். நாயுருவி விதையும் சீமைக்கருவேல் முள்ளும் ஒட்டிய முடியை நூற்பாலை விரும்பாது. தீவனத்தின் சத்து முடிக்கே போய்விடுவதால் சினை ஆடு கொஞ்சம் பட்டினி கிடந்தாலும் கரு கலையும். இரட்டைக் குட்டியும் குறைவு. நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு இரண்டு வெட்டில் 4 முதல் 5 கிலோ முடி கிடைக்கும்.

"நாட்டு ஆட்டோடு கலந்தால்?" என்பீர்கள். மகாராஷ்டிராவின் ராகூரி வேளாண் பல்கலைக்கழகத்தில் சங்கமனேரி ஆடுகளுடன் அங்கோரா கிடாவைச் சேர்த்து ஆய்வு செய்தார்கள். முதல் கலப்பிலேயே மொஹேர் வந்துவிடாது. சாயம் சரியாக ஏறாத முரட்டு முடி கலந்தே வரும். பல தலைமுறை தரம் உயர்த்த வேண்டும். அது ஆராய்ச்சிப் பண்ணையின் வேலை, ஐந்து ஆடு வைத்திருப்பவரின் வேலை அல்ல.

நம் பகுதியின் மெட்ராஸ் சிவப்புச் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது, வெறும் முடிதான். இந்த வெயிலுக்கு அதுவே அதன் பலம், வருமானம் இறைச்சியில். தமிழ்நாட்டில் மென்கம்பளி என்றால் நீலகிரிச் செம்மறிதான். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பார்க்கலாம்.

யாராவது அங்கோரா ஆடும் "முடியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தமும் கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆலை வாங்குகிறது, எந்த மைக்ரானுக்கு என்ன விலை, நான்காம் ஆண்டு முடிக்கு என்ன விலை? பதிலை எழுத்தில் வாங்கி, முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.