ஐதராபாத்திலிருந்து அடுக்கு வயலுக்கு

விடுமுறைக் காலம் நெருங்கினால் ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலே இப்பொழுது ஒரு புதிய பேச்சு எழுகிறது. முன்பெல்லாம் திருப்பதி, இராமேசுவரம், இல்லையேல் சொந்த ஊர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்றோ கல்லூரியிற் பயிலும் பிள்ளைகள், "அருணாசலப் பிரதேசத்தில் சீரோ என்றோர் இடம் உண்டாம், நெல்வயல் வரப்புகளிலே நாள் முழுதும் நடக்கலாமாம், உள்ளூராரே வழி காட்டுவார்களாம், இரவில் அவர்கள் வீட்டிலேயே தங்கலாமாம்" என்கிறார்கள். நேயர்களே, ஆசை புதிது. அதன் வரலாறோ புதிதன்று. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நாம் பிழைக்க வந்த இந்த ஐதராபாத்திலேயே நிகழ்ந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1909இல் வியன்னாவிற் பிறந்த கிறிஸ்டோஃப் வான் ஃபூரர் ஹைமண்டார்ஃப் என்னும் மானிடவியலறிஞர், 1936இல் நாகர் மலைக்கு வந்து, கோன்யாக் நாகரிடையே ஓராண்டளவு வாழ்ந்து திரும்பினார். 1939இல் தம் மனைவி பெட்டியுடன் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஆஸ்திரியாவை அதற்கு முந்திய ஆண்டே ஜெர்மனி விழுங்கிவிட்டது. ஆதலால் அவர் கையில் இருந்தது ஜெர்மானியக் கடவுச்சீட்டு. ஒரே நாளில் அவர் 'பகை நாட்டு அயலார்' ஆனார். இத்தகைய தொடர்களை நாள்தோறும் மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் நமக்கு, கோப்பில் ஏறும் ஒரு சொல் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது தெரியும். அவரை அது ஐதராபாத்துச் சமஸ்தானத்தில் நிறுத்தியது. நிஜாம் அரசின் அதிகாரிகள் சிலர் அவர்பால் நல்லெண்ணம் கொண்டிருந்தமையால், சமஸ்தானத்தின் எல்லைக்குள்ளேயே இருந்து ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடம் கிடைத்தது.

அவர் நகரத்தில் அடங்கியிருக்கவில்லை. 1940இல் நல்லமலைக் காட்டிலே கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்த செஞ்சுக்களிடம் சென்றார். பின்னர்க் கோதாவரிக் கரை மலைகளில் காடெரித்து விதைக்கும் கொண்டா ரெட்டிகளிடம். அதன் பின் ஆதிலாபாத்துக் கோண்டு மக்களிடம். கோண்டி மொழி நம் தமிழுக்கு உறவு மொழி. கண்ணையும் கையையும் அவர்கள் ஏறக்குறைய நம்மைப் போலவே சொல்வர். மார்லவாய் என்னும் கோண்டுச் சிற்றூரிலே ஒரு குடிசையில் கணவனும் மனைவியும் குடியிருந்தனர். ஊரார் முன்னே நடக்கத் தாம் பின்னே நடப்பது, ஊரார் காட்டிய இடத்தில் உறங்குவது என்பது அவர்தம் முறையாயிற்று.

1944இல் இந்திய அரசு அவரைச் சுபன்சிரிப் பகுதிக்குத் தனி அலுவலராக அனுப்பியது. அசாமின் சமவெளியிலிருந்து நிஷி மக்களின் அடர்ந்த காடுகளுக்கூடே மலையேறினார். சுமை தூக்குவோரும் துபாஷிகளும் உடன் சென்றனர். அந்தத் துபாஷியை அப்பக்கத்தார் 'கொட்டகி' என்பர். நம் தொழில்முன்னோர் என்பதால் இதனைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. பயண நூல்களிலே மலை ஏறியவர் பெயர் நிற்கும், அவர் வாயாகவும் செவியாகவும் இருந்தவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை.

காட்டைக் கடந்ததும் அவர் கண்டது அபத்தானி மக்களின் பள்ளத்தாக்கு. கடல்மட்டத்துக்கு மேல் 1500 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், சுற்றிலும் பைன் மரமும் மூங்கிலும் வளர்த்த தோப்புகள். நடுவே படிப்படியாய்த் தாழ்ந்து செல்லும் நெல்வயல்கள். அங்கே ஏர் இல்லை, உழவு மாடு இல்லை. மிதுன் என்னும் மலைமாடு உண்டு, அது உழுவதில்லை. அத்தனையும் மண்வெட்டியாலும் கையாலும் செய்த வேலை. மலையோடைகளை மறித்து, வாய்க்காலிலும் மரக்குழாயிலும் நீரைத் திருப்பி, மேல் வயலில் நிரம்பியது கீழ் வயலுக்கு இறங்குமாறு செய்திருந்தனர். வரப்பையும் வீணாக்காது கேழ்வரகு நட்டனர். வைக்கோற் சாம்பலும், உமியும், கோழி, பன்றி எச்சமும் உரம். வயல் நீரிலே மீன் வளர்ப்பது 1960களிற் சேர்ந்த வழக்கம். நீர் வற்றும்போது மீன் ஒதுங்குவதற்கென்று வயலின் நடுவே பள்ளம் வெட்டுவர்.

நாமும் சில ஆண்டுகளுக்கு முன் இரு நண்பர்களோடு சென்றோம். நாகர்லாகூன் வரை இரயிலும் அதன் பின் மலைச்சாலையும் உள்ளன. ஹைமண்டார்ஃப் பட்ட பாடு நமக்கில்லை. நமக்கு வழிகாட்டிய இளைஞர் சரளமாக இந்தி பேசினார். நாம் பேசிய அலுவலக இந்தியைக் கேட்டு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நாம் காணாதது போல் இருந்தோம். தங்கிய வீடு தூண்களின் மேல் எழுப்பிய மூங்கில் வீடு. நடுவே அடுப்பு, அதைச் சுற்றியே வீட்டாரின் வாழ்வு. செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் தப்யோ என்னும் கரிய உப்பை நம் முன் வைத்தார்கள். கடலோரத்தில் வளர்ந்த நமக்கு, உப்புக்காக ஒருவர் இத்தனை பாடுபடுவது வியப்பாயிருந்தது.

மறுநாள் வரப்பிலே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். படம் பிடிக்கும் ஆவலில் நண்பர் ஒருவர் ஓரத்தில் காலூன்ற, வரப்புச் சரிந்து நீர் கீழ்வயலுக்குப் பாய்ந்தது. வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. தோட்பையை இறக்கி வைத்துவிட்டுச் சேற்றை அள்ளி உடைப்பை அடைத்தார். வேலை முடிந்தது என்று நாம் எண்ணினோம். மாலையில் அவர் எங்களை வேறொரு வீட்டுக்கு அழைத்துச் சென்று, வயலுக்கு உடைய மூதாட்டியிடம் நடந்ததைச் சொன்ன பிறகே தம் வீட்டுக்குத் திரும்பினார். அடைத்தாயிற்றே, சொல்லுவானேன் என்று கேட்டதற்கு, "அவர்கள் வயல் அல்லவா?" என்றார்.

அங்கே செல்ல உள்கோட்டு அனுமதிச் சீட்டு வேண்டும். சொந்த நாட்டில் போவதற்கு அனுமதியா என்று நம் பிள்ளைகள் சினக்கிறார்கள். 1873ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் பிறப்பித்த கோடு அது. வரைந்த வெள்ளையர் மலைமக்கள்மீது அன்பு கொண்டு வரையவில்லை. தேயிலையும் வாணிகமுமே அவர் கவலை. ஆயினும் அக்கோடு செய்த வேலை என்ன என்பதற்கு மறுமொழி நம் தெலங்காணாவிலேயே கிடக்கிறது.

ஆதிலாபாத்தில் அத்தகைய கோடு எதுவும் இல்லை. சாலையும் இருப்புப்பாதையும் வந்தன. அவற்றின் வழியே சமவெளிக் குடியானவரும் வட்டிக் கடைக்காரரும் வந்தனர். காட்டு இலாகாவும் தன் பங்குக்கு நிலத்தை வளைத்தது. 1940இல் கும்ரம் பீம் என்னும் கோண்டுத் தலைவர் நிலத்துக்காகப் போரிட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கிளர்ச்சியின் காரணத்தை ஆராய்ந்தவர்களில் ஹைமண்டார்ஃபும் ஒருவர். 1945இல் நிஜாம் அரசின் பழங்குடி ஆலோசகராகவும் உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அமர்ந்து, கோண்டுகளுக்குப் பட்டாவும் கோண்டி மொழிப் பள்ளிகளும் கிடைக்கப் பாடுபட்டார். 1949இல் அவர் இலண்டன் சென்ற பின்னர், 1959இலும் 1970இலும் நிலமாற்றத் தடைச் சட்டங்கள் எழுதப்பட்டும் நிலம் கைமாறியே வந்தது. 1981 ஏப்ரல் 20இல் இந்திரவெல்லியில் நிலத்துக்காகக் கூடிய கோண்டுகள் மேல் துப்பாக்கி முழங்கிற்று.

முதுமையில் இரு இடங்களுக்கும் திரும்பி வந்து பார்த்த அவர், 1982இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் அருகருகே வைத்தார். அபத்தானிகள் பள்ளி கண்டனர், சாலை கண்டனர், வாணிகம் கற்றனர். நிலமோ அவர்களிடமே இருந்தது. கோண்டுகளுக்கு முன்னவையும் அரைகுறை, நிலமும் போயிற்று. சட்டம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். பிலிப்பைன்ஸ் நாட்டு இஃபுகாவோ மக்களின் அடுக்கு வயல்கள் 1995இல் உலக மரபுச் சின்னமாயின; இளைஞர் நகரம் சென்று, வரப்பைப் பேணுவார் குறைந்தமையால் 2001இல் ஆபத்துப் பட்டியலில் ஏறின; 2012இலேதான் மீண்டன. அங்கே நிலத்தை எவரும் பறிக்கவில்லை, கைகள்தாம் குறைந்தன. சீரோவிலும் படித்த பிள்ளைகள் இட்டாநகருக்கும் தில்லிக்கும் போகின்றனர். விருந்தினர் தரும் பணம் அவர்களிற் சிலரையேனும் வரப்பருகே நிறுத்துமா என்பது இனிமேல் தெரிய வேண்டியது.

பெட்டி அம்மையார் 1987 ஜனவரி 11இல் ஐதராபாத்தில் காலமானார். அவரை மார்லவாயிலே அடக்கம் செய்தனர். 1995இல் இலண்டனில் மறைந்த கணவரின் சாம்பலும் 2012இல் அங்கேயே கொண்டுவரப்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 11 அன்று கோண்டு மக்கள் அக்கல்லறைகளின் அருகே கூடுகிறார்கள். ஐதராபாத்திலிருந்து ஒரு பகற் பயணத்தில் அவ்வூரை அடையலாம்.