அறப்பளீசுவரர் கோயில் மீன்கள்

அறப்பளீசுவரர் கோயில் மீன்கள் என்பவை நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், பெரியகோயிலூர் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் வாழும் மீன்களாகும். இவற்றைப் பிடிப்பதும் உண்பதும் வழக்கமில்லை.

முன்பு ஒருவர் இவ்வாற்று மீனைப் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, துண்டுகள் ஒன்றுகூடி மீன் உயிர்பெற்று ஆற்றில் குதித்தோடியது என்பது தலபுராணச் செய்தி. ஆகவே மீன்களை இறைவனின் வடிவாகக் கொண்டு, வழிபட வருவோர் அவற்றிற்கு உணவிடுகின்றனர்.

இவ்வழக்கத்தின் பயன் கோடையில் விளங்கும். நீர் குறையும்போது மலையாற்று மீன்கள் எஞ்சிய மடுக்களில் ஒதுங்குகின்றன; அப்போது அவற்றைக் கூடையால்கூட அள்ளிவிடலாம். அடுத்த மழையில் முட்டையிட வேண்டிய தாய்மீன்களும் அவற்றுள் அடங்கும். கோயிலுக்குச் சற்றுக் கீழே ஐயாறு ஆகாயகங்கை அருவியாக ஏறத்தாழ 300 அடி வீழ்கிறது. எனவே மேலே மீனினம் அழிந்தால், கீழிருந்து மீன்கள் நீந்தி ஏறி வர இயலாது.

தமிழகத்தின் கிழக்குக் கடற்பகுதியில் மீன்கள் இனம்பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. 2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. ஐயாற்றின் கோயில் துறையிலோ ஆண்டு முழுவதும் விலக்கு உண்டு. கருநாடகத்தின் சிருங்கேரியில், துங்கை ஆற்றுப் படித்துறை மீன்களும் இவ்வாறே காக்கப்படுகின்றன.