நெய்வேலியில் திருமணப் பதிவு

திருமணப் பதிவு என்பது நடந்த கல்யாணத்தை அரசுப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் வாங்குவது. கடலூர் மாவட்டம் நெய்வேலி நகரியத்தில் இதை ‘ரிஜிஸ்டர் பண்றது’ என்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அதே காரியம் ‘கோர்ட் கல்யாணம்’ ஆகிவிடும். உண்மையில் கோர்ட்டுக்கு இதில் வேலை இல்லை. நெய்வேலியில் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வக்கீல் கிடைப்பார், கல்யாணச் சான்று கிடைக்காது. அதைத் தருபவர் பதிவுத்துறையின் சார்பதிவாளர், அதாவது வீட்டுமனைக் கிரயத்தையும் தானப் பத்திரத்தையும் பதிகிற அதே அதிகாரி. மனை வாங்க வந்தவர்களும் மாலைக் கழுத்தோடு வந்தவர்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பது அதனால்தான்.

கல்யாணத்துக்கு முன்பே அரசிடம் ‘உரிமம்’ வாங்கும் வழக்கம் மேல்நாடுகளுடையது. நியூயார்க் மாநிலத்தில் உரிமம் வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் மணம் செய்ய முடியும். 60 நாளுக்குள் செய்யாவிட்டால் உரிமம் காலாவதி. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு வரிசை நேர்மாறு: முதலில் தாலி, பிறகு தாள். இதற்குச் சிறப்புத் திருமணச் சட்டம் ஒன்றே பெரிய விலக்கு. அதைக் கீழே பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பதிவுக்கு ‘எழுத்து’ என்று பெயர். எழுத்து முடிந்து சில மாதம் கழித்துத் தாலி கட்டுவதும் அங்கே உண்டு. சட்டத்துக்கு ஒரு நாள், சொந்தபந்தத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துவைத்த அந்த ஏற்பாடும், அதற்கு அவர்கள் வைத்த பெயரும், நம் ‘ரிஜிஸ்டர் மேரேஜ்’ஐவிட எவ்வளவோ தெளிவு.

சட்டம் வந்த வழி

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 8-ஆம் பிரிவில் பதிவுக்கு வழி செய்தது. ஆனால் அதைச் செய்வதும் விடுவதும் மக்கள் விருப்பமாக இருந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே வேறொரு சிக்கல் இருந்தது. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. அப்படி நடந்த ஒரு மணம் செல்லாது என்று 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். அது 1968 ஜனவரி 20 முதல் 7-ஏ பிரிவாக நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதன்படி செல்லுபடியாயின. தொழிற்சங்கம் வீட்டு விசேஷம் வரை நுழைந்த நெய்வேலி போன்ற ஊரில், தலைவர் ஒருவர் மேடையில் உறுதிமொழி படிக்க மணமக்கள் திருப்பிச் சொல்லும் கல்யாணம் யாருக்கும் புதிதல்ல.

பதிவைக் கட்டாயமாக்கும் பேச்சு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில், எல்லா மதத்தினரின் திருமணங்களையும் பதிய மாநிலங்கள் விதி செய்ய வேண்டும் என்று உத்தரவானது. தீர்ப்பு நாள் 2006 பிப்ரவரி 14. காதலர் தினம் என்பதை நீதிபதிகள் கவனித்தார்களோ என்னவோ. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் மாநிலத்துக்குள் நடக்கும் எந்தத் திருமணமும், எந்த மதத்தாருடையதானாலும், 90 நாளுக்குள் பதியப்பட வேண்டும். தவறினால் இன்னும் 60 நாள் அவகாசம். கட்டணம் முதல் கட்டத்துக்கு 100 ரூபாய், இரண்டாவதுக்கு 150 ரூபாய் என்று விதியில் வைத்தார்கள். பந்தியில் ஓர் இலைக்கு ஆகும் செலவுகூட இல்லை. இருந்தும் நாள் தப்புகிறது. ஆடி முடிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்றால் 90 நாள் கார்த்திகையில் முடியும். அதற்குள் மறுவீடு, தலைதீபாவளி, வேலைக்காக வெளியூர்ப் பயணம் எல்லாம் வந்து போய்விடும். 150 நாளும் கடந்த இந்துத் தம்பதியர் பலர் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிகிறார்கள். அதில் கெடு கிடையாது.

பள்ளிவாசல் தப்தரில் எழுதியதும் தேவாலயப் பதிவேட்டில் ஏறியதும் இந்த அரசுப் பதிவுக்கு மாற்றாகா. இன்னொரு பக்கம், பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் எந்தத் திருமணமும் செல்லாமல் போவதில்லை என்று சட்டமே சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பதிவின் இடம் புரியும். கல்யாணத்தைப் பதிவு உண்டாக்குவதில்லை. நடந்தது என்பதற்கு அது சாட்சி சொல்கிறது.

நகரியத்தின் முகவரி

மற்ற ஊர்களில் எளிதாக முடிகிற ஒரு வேலை நெய்வேலியில் கொஞ்சம் சுற்றி வருவதற்குக் காரணம் இந்த ஊர் உருவான விதம். 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது, 1957 மே மாதம் சுரங்கப் பணி தொடங்கியது. அதன் பிறகு வட்டம் வட்டமாக வீடு கட்டிக் குடியேற்றிய ஊர் இது. 2016 முதல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா. ஆர்ச் கேட்டுக்கு உள்ளே இருக்கும் குவார்ட்டர்ஸ் எல்லாம் நிறுவனத்துடையவை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆகவே நகரியத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் ‘இருக்கிற ஊர்’ ஒன்று, ‘சொந்த ஊர்’ ஒன்று. ஆதாரில் ஓர் ஊரும் குடும்ப அட்டையில் இன்னோர் ஊரும் இருப்பது இங்கே சகஜம்.

விண்ணப்பம் நிரப்பும்போது வேடிக்கை தொடங்கும். மற்ற இடங்களில் ‘வட்டம்’ என்றால் தாலுகா. நெய்வேலியில் வட்டம் என்றால் பிளாக். அரசுப் படிவத்தில் ‘வட்டம்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும், பிறந்ததிலிருந்து ‘வட்டம் பதினொண்ணு’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளை யோசிக்காமல் 11 என்று எழுதிவிடும். கவுன்ட்டரில் அதை அடித்துத் திருத்தச் சொல்வார்கள். அடுத்த தொல்லை இனிஷியல். சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஆந்திராவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் ஆட்களைக் கூட்டி வந்த ஊர் இது. வீட்டுப்பெயரை முன்னால் போடுபவர், ஊர்ப்பெயரைச் சேர்ப்பவர், அப்பா பெயரின் ஓரெழுத்தோடு நிறுத்திக்கொள்பவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமும் ஆதாரில் ஒரு விதமும் பெயர் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரவேண்டும்.

கல்யாணம் எங்கே நடந்தது என்பது இன்னொரு முடிச்சு. நகரியத்துக் கல்யாணங்கள் நகரியத்துக்குள்ளேயே நடப்பதில்லை. சிலர் வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் தாலி கட்டுகிறார்கள். சிலர் வடலூர்ப் பக்கம் மண்டபம் பிடிக்கிறார்கள். பெருங்கூட்டம் கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதசாமி கோயிலுக்குப் போகிறது. முகூர்த்த நாளில் அங்கே மலையடிவாரத்தில் ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே நாதஸ்வரம் மூச்சு வாங்கக்கூட நேரம் இராது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் திருமணம் நடந்த இடத்துச் சார்பதிவகத்தில்தான் பதிய முடியும் என்று வைத்திருந்தது. கோயில் ஓர் எல்லை, வீடு ஓர் எல்லை என்று இருந்தவர்கள் விடுப்புப் போட்டு அலைந்தார்கள். 2020-இல் வந்த திருத்தம் மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் இடத்திலும் பதியலாம் என்றாக்கியது. ஷிப்டில் வேலை பார்ப்பவர்களின் ஊருக்கு இது பெரிய உதவி.

சார்பதிவகத்தில்

விண்ணப்பத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நிரப்பி, நேரம் குறித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம், கல்யாணப் பத்திரிகை அல்லது கோயில் ரசீது, சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவை வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். பத்திரிகையில் அச்சான தேதியும் விண்ணப்பத்தில் எழுதிய தேதியும் ஒத்துப்போக வேண்டும். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்ற நம் வழக்கத்தில் எந்தத் தேதியை எழுதுவது என்று மாப்பிள்ளை மாமனாரைப் பார்ப்பது இங்கே அடிக்கடி நடக்கும். எழுத வேண்டியது முகூர்த்த நாள்.

வெளியே பத்திர எழுத்தர்கள் இருப்பார்கள். படிவத்தைத் தாமே நிரப்பத் தெரிந்தவர்களும் அவர்களிடம் போவதுண்டு. திருப்பி அனுப்பப்பட்டால் இன்னொரு நாள் சம்பளம் போகும் என்ற கணக்குதான் அதற்குக் காரணம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அது போகும் முதல் இடம் பெரும்பாலும் அலுவலகம்தான். மருத்துவ வசதி முதல் வாரிசு நியமனம் வரை மனைவி அல்லது கணவர் பெயர் ஏற வேண்டிய இடங்கள் ஏராளம். வெளிநாட்டு விசாவுக்குத் துணையைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் இது இல்லாமல் ஆகாது. சாதி மறுத்து மணந்தவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான கலப்புத் திருமண நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவும் மணத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

முப்பது நாள் அறிவிப்பு

மதம் மாறாமல் வேறு மதத்தவரை மணப்பவர்களுக்கும், சடங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இதில் மட்டும் அரசு முன்னால் வருகிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்தால் அவர் அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி, 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருப்பார். பிறகு மூன்று சாட்சிகள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் இது முடியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. தமிழர்களுக்குச் சிரிப்பூட்டும் ஒரு செய்தி: இச்சட்டத்தின் தடைசெய்த உறவுப் பட்டியலில் அத்தை மகளும் மாமன் மகளும் இருக்கிறார்கள். வழக்காறு அனுமதித்தால் விலக்கு உண்டு என்று பின்னால் ஒரு திருத்தம் செய்து சமாளித்தார்கள்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. விண்ணப்பித்தவர் நிரந்தரமாக வேறு மாவட்டத்தில் வசிப்பவர் என்றால், அறிவிப்பின் நகலை அந்த மாவட்டத்து அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அங்கும் அது ஒட்டப்படும். நெய்வேலியில் வேலை, சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றிருக்கும் இளைஞருக்கு இதன் பொருள், அப்பா அம்மாவிடம் தாம் சொல்வதற்குள் ஊர்க்காரர் யாராவது சொல்லிவிடலாம் என்பதுதான். அறிவிப்பை வெளியிடச் சொல்லி மணமக்களே எழுதிக் கேட்டாலொழிய அதை ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் வாசகம் அப்படியே இருக்கிறது. ஆட்சேபம் தெரிவிக்க உரிய காரணங்கள் மிகக் குறைவு. உயிரோடு இருக்கும் துணை, வயது, உறவுமுறை போன்றவைதான். சாதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டிய தாள் சட்டப்படி ஆட்சேபிப்பவரின் கண்ணில் மட்டுமா படும்?

இந்தக் கேள்வியை இதே மாவட்டத்தில் தள்ளிவிட்டுப் போக முடியாது. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசனும் கண்ணகியும் 2003 மே 5 அன்று கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் மணம் பதிந்தார்கள். முருகேசன் பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் குடும்பத்துப் பெண். பதிந்த பிறகும் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். விஷயம் தெரிந்து, ஜூலை 8 அன்று இருவரையும் பெண்ணின் உறவினர்கள் நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 2021-இல்தான் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு, பன்னிரண்டு பேருக்கு ஆயுள். தூக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஆயுளாகக் குறைத்தது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். முருகேசனிடமும் கண்ணகியிடமும் பதிவுச் சான்று இருந்தது. அது காட்டுவதற்கு உதவும் தாள், காப்பதற்கு உதவவில்லை.

ரகசியமாக மணப்பவர்களுக்கு நீதிமன்றங்கள் வழியை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கின்றன. வக்கீல் அறையில் நடத்திவைக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நாலு பேர் பார்க்கப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்று 7-ஏ பிரிவு கேட்கவில்லை, நண்பர் என்ற முறையில் வக்கீலும் சாட்சியாக இருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மறுபக்கம், இந்து திருமணச் சட்டப்படி எந்தச் சடங்கும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிவைப்பது திருமணமாகாது என்று 2024 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் கூறியது. விசா அவசரத்துக்கு ‘இப்போதைக்குப் பதிஞ்சு வைப்போம், தையில தாலி கட்டிக்கலாம்’ என்று பேசும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து எழுத்து முறை இங்கே இந்து திருமணச் சட்டத்தின் கீழ் எடுபடாது.

வயதானவர்கள்

2009-க்கு முன் மணந்தவர்களைப் புதிய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் நரைத்த தம்பதியர் பதிவுக்கு வருவதுண்டு. மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறான். இல்லாவிட்டால் ஓய்வூதியத் தாள்களில் மனைவி பெயரை உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. வயது பார்ப்பது எளிது. தேதிதான் கஷ்டம். ‘வைகாசி விசாகத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை’ என்று அம்மா சொல்வார். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆங்கிலத் தேதி கண்டுபிடிக்க வேண்டும். பீரோவின் அடித்தட்டில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று கிடைத்துவிட்டால் அன்று அவர்களுக்குத் திருவிழா.

பத்திரிகையில் ஊர்ப்பெயரும் இருக்கும். நிலக்கரிக்காகக் காலி செய்யப்பட்ட கிராமங்களில் ஒன்றாக அது இருந்தால், ‘திருமணம் நடந்த இடம்’ என்ற கட்டத்தில் அவர்கள் எழுதுவது இப்போது சுரங்கத்துக்குள் இருக்கும் ஓர் ஊரை.