நஞ்சுக்கொடி ஆர்கனாய்டு

மனித ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும், நஞ்சுக்கொடித் திசுவை ஒத்த நுண்ணிய உருண்டை. கடுகை விடச் சிறியது.

அதன் தேவையைப் பிரசவ அறையில்தான் உணர முடியும். எந்தப் பிரசவ அறையிலும் பிள்ளை பிறந்ததும் அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துச்சா?" என்பதுதான். விழுந்த நஞ்சைத் தட்டில் விரித்து, மடல்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று நர்ஸ் விரலால் ஒதுக்கிப் பார்ப்பார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தப்போக்கு உயிரைப் பறிக்கலாம்.

இப்படிக் கைக்கு வருவது, வேலை முடிந்த அரைக்கிலோ உறுப்பு. கோளாறோ முதல் சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவரைத் துளைத்து, தாயின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்த வேண்டும். அது சரிவர நடக்காதபோது, பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பின் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் பிரீஎக்லாம்ப்சியா வரக்கூடும். பிரசவம் ஆகி நஞ்சு வெளியேறுவதே அதற்குத் தீர்வு. கர்ப்பம் 28 வாரம்தான் என்றாலும் பிரசவம் செய்விக்க மருத்துவர் முடிவெடுத்தாக வேண்டிய நிலை வரலாம். சுண்டெலியின் நஞ்சுக்கொடி அவ்வளவு ஆழம் போவதில்லை என்பதால் அதை வைத்து இதை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

மனிதச் செல்களிலேயே இதை ஆராய 2018-இல் இரண்டு வழிகள் திறந்தன. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஒகாயே, அரிமா குழுவினர் மனித நஞ்சுக்கொடியின் ஸ்டெம் செல்களை நிலையாக வளர்த்தார்கள். கேம்பிரிட்ஜில் டுர்கோ, மொஃபெட் குழுவினர் முதல் மூன்று மாதத் திசுவின் செல்களைக் கூழ் (ஜெல்) சொட்டில் வைத்து உருண்டைகளாக்கினார்கள். உருண்டைகள் கிடந்த திரவத்தில் கர்ப்பப் பரிசோதனை அட்டையை நனைத்ததும் 'கர்ப்பம்' என்று காட்டியது. கர்ப்ப ஹார்மோனை அவையே சுரந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில், கருவின் தொடக்க நிலைக்குத் திருப்பப்பட்ட ஸ்டெம் செல்களிலிருந்தும் இத்திசுவை வளர்க்க வழி பிறந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடித் திசுவைத் தேடவேண்டிய கட்டாயம் குறைந்தது.

இந்தியாவில் ஸ்டெம் செல் ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை உண்டு. மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்க அது இடம் தராது. ஆனால் நஞ்சுக்கொடிச் செல் மட்டும் கொண்ட உருண்டை கரு அல்ல; அது பிள்ளையாக வளர வழியில்லை.

இந்த உருண்டைக்கு வரம்புகளும் உண்டு: ரத்தக்குழாய் இல்லை, தாயின் ரத்த ஓட்டமும் இல்லை. தவிர, கூழுக்குள் வளரும் உருண்டை உள்வெளி மாறிக் கிடக்கிறது: தாயின் ரத்தத்தைத் தொட வேண்டிய மேற்படலம் நடுவில் ஒளிந்துகொள்கிறது. திரவத்தில் மிதக்கவிட்டு வளர்த்தால் அப்படலம் வெளிப்பக்கம் வருகிறது. கர்ப்பிணி விழுங்கும் மாத்திரையோ அவளைத் தொற்றும் வைரஸோ முதலில் மோதும் பக்கம் அதுதான்.