ரஞ்சன்குடிக் காட்டுக்கு எந்த வண்டி?

கரிசல் காட்டுக்கு எந்த ஜீப் வாங்கலாம் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும்!

1751-ல் நம் ரஞ்சன்குடி கோட்டைப் பக்கம் முகமது அலிக்காக ஆங்கிலேயரும் சந்தா சாகிப்புக்காக பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அக்காலப் பீரங்கிகளை இழுத்தவை பெரும்பாலும் மாடுகளே. குதிரைக்குக் கொள்ளு வைத்துக் கட்டுப்படியாகாது. ஹைதர் அலியும் திப்புவும் இதற்கென்றே அமிர்தமகால் மாடுகளை வளர்த்தார்கள். பெரிய உடம்பில்லை, ஆனால் நடையில் சூரம். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அந்த மந்தையையும் விடவில்லை.

பின்னாளில் நம் ராணுவத்திலும் கனத்த ஜோங்காவின் இடத்துக்கு மாருதி ஜிப்சி வந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான்.

ஐப்பசிச் சேற்றில் கனத்த வண்டி புதைந்தால் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். தம்பி, ஷோரூமில் முதலில் எடையைக் கேட்டு எனக்கு எழுது.