வைக்கோலும் வெள்ளைக் கடதாசியும்

1948இல் சுதந்திரம் பெற்றபோது இலங்கை, தேயிலையையும் இறப்பரையும் தெங்குப் பொருள்களையும் விற்று, உண்ணும் அரிசி முதல் உடுக்கும் துணிவரை வெளியிலிருந்து வாங்கும் நாடாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வியர்வையில் விளைந்த செலாவணி, அந்நிய ஆலைகளின் பண்டங்களுக்கு விலையாகச் சென்றது. கொடி மாறியதேயன்றிக் குடியேற்றப் பொருளாதாரத்தின் அமைப்பு மாறவில்லை.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் வாழைச்சேனைக் கடதாசி ஆலை குறிப்பிடத்தக்கது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தோடு இணைத்துப் பேசப்படும் மூன்று அரச ஆலைகளுள் இது ஒன்று. ஏனையவை காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயன ஆலையுமாம். அவரது அரசியலோடு நாம் மாறுபடலாம். ஆயினும் 1950களில் இயங்கத் தொடங்கிய இவ்வாலைகளின் பயனை மறுத்தல் ஆகாது.

வாழைச்சேனையின் மூலப்பொருள் வைக்கோல். அறுவடையின்பின் வயலில் எரிக்கப்பட்ட பொருளுக்கு விலை கிடைத்தது. கிழக்கின் இளைஞருக்குத் தொழில் கிடைத்தது. வைக்கோலைக் கூழாக்க எரிசோடாவும், அக்கூழை வெளுக்கக் குளோரீனும் உதவும். இவ்விரண்டையும் உப்பிலிருந்து பரந்தன் ஆலை உற்பத்தி செய்தது. ஓர் ஆலை மற்றோர் ஆலைக்குத் துணையாவதே கைத்தொழில் வளர்ச்சியின் அடிப்படை.

இடர்களும் சிறியனவல்ல. வைக்கோல் போகத்துக்குப் போகமே கிடைப்பது. அதைச் சேர்த்து, ஏற்றி, நனையாமற் காக்க வேண்டும். அதன் நார் குறுகியதாதலால் உறுதியான கடதாசிக்கு நீண்ட நார்க்கூழ் கலக்க வேண்டும். அக்கூழும் இயந்திர உதிரிப்பாகங்களும் கடல் கடந்தே வந்தன. சிறிய சந்தைக்கு உற்பத்தி செய்யும் ஆலையால் பேராலைகளின் விலையோடு போட்டியிடல் அரிது. ஆலையின் கழிவுநீர் களப்பை மாசுபடுத்தியபோது அதன் சுமையைத் தாங்கியவர்கள் ஏழை மீனவர்களே. இக்குறைகளை மறைத்து உள்நாட்டு உற்பத்தியைப் போற்றுவது உழைக்கும் மக்களுக்குச் செய்யும் நன்மையன்று.

ஆனால் குறையுடைய ஆலையைத் திருத்துவது வேறு, கைவிடுவது வேறு. 1977இல் திறந்த பொருளாதாரம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. பின்னர் போர் வடக்கையும் கிழக்கையும் சூழ்ந்தது. பரந்தன் ஆலை மூடப்பட்டது. வாழைச்சேனை தன் பழைய ஆற்றலை இழந்தது. எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்த பரந்தன் நிறுவனம், பிற்காலத்தில் குளோரீனை இறக்குமதி செய்து விற்கும் நிலைக்கு வந்தது.

இதன் விலை என்ன? 2022 மார்ச்சில் செலாவணி வற்றியபோது, கடதாசியும் மையும் போதாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. வயலில் வைக்கோல் இருந்தது; வினாத்தாளுக்குக் கடதாசி இருக்கவில்லை.

அனைத்தையும் நாமே செய்வோம் என்பது வீம்பு. எதையும் செய்யத் தேவையில்லை என்பதோ அடிமைத்தனம். எவை மக்களின் அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றுள் எவற்றுக்கு மூலப்பொருள் நம் மண்ணில் உண்டு, ஆலையின் பயனும் சுமையும் யாரைச் சேர்கின்றன என்னும் வினாக்களுக்குத் திட்டமிட்டு விடை காணல் வேண்டும். அவ்விடையை ஆக்குவதில் வைக்கோல் கட்டிய உழவனுக்கும், இயந்திரம் இயக்கிய தொழிலாளிக்கும், களப்பை நம்பி வாழும் மீனவனுக்கும் இடமிருத்தல் வேண்டும்.