ஆங்கில மரபுத்தொடர்கள்

சொற்களைத் தனித்தனியே பொருள்கொண்டு கூட்டினால் பிடிபடாத ஒரு பொருளைத் தரும் தொடரை ஆங்கிலத்தில் இடியம் என்பர். 'தனக்கே உரியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்த பெயர் இது. தமிழில் மரபுத்தொடர். 'கிக் த பக்கெட்' என்பதன் சொற்பொருள் வாளியை உதைத்தல், வழக்கில் செத்துப்போதல். தமிழில் 'மண்டையைப் போட்டான்' என்பது போல.

இந்த இணை பொருளோடு நிற்கவில்லை. இரண்டுமே எள்ளல் கலந்த பேச்சு. துக்க வீட்டில் வாயில் வரக் கூடாதவை. தேர்வுக்கான மனப்பாடப் பட்டியல்கள் 'இறத்தல்' என்று எழுதிவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விடுகின்றன. அதை மட்டும் நம்பி இரங்கல் கடிதம் எழுதுபவர் பாடு திண்டாட்டம்தான். பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலேயே 'கிக் த பக்கெட்' இடம்பெற்றுவிட்டது.

மரபுத்தொடரின் சொற்களை இஷ்டப்படி மாற்ற முடியாது. செயப்பாட்டு வினையாக்கி 'த பக்கெட் வாஸ் கிக்டு' என்றால் நிஜ வாளிதான் உதைபடும். 'மண்டை போடப்பட்டது' என்பதும் அப்படித்தான் சிரிப்பை வரவழைக்கும். ரகசியத்தை உடைப்பதைக் குறிக்கும் 'ஸ்பில் த பீன்ஸ்' மட்டும் வளைந்து கொடுக்கிறது. 'த பீன்ஸ் வேர் ஸ்பில்டு' என்றாலும் பொருள் கெடுவதில்லை. கொட்டுவதை வெளியிடுவதாகவும் பீன்ஸை ரகசியமாகவும் பிரித்துக் காண முடிகிறது; வாளியை எதனோடும் அப்படிப் பொருத்த முடியாது. நன்பர்க், சாக், வாசோ ஆகிய மூவர் 1994இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வேறுபாட்டை விரிவாக அலசியது.

தோற்றக் கதைகளைச் சற்று சந்தேகத்தோடு கேட்பது நல்லது. அடைமழையைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதை ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியான நூலில் கையாண்டார். கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்தன என்ற கதைக்குச் சான்று இல்லை. கண்டும் காணாமல் இருப்பதைக் குறிக்கும் 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பதை 1801 கோபன்ஹேகன் கடற்போரோடு சேர்த்துச் சொல்வர்: பின்வாங்கச் சொல்லும் கொடி ஏறியதும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தம் பார்வையிழந்த கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டாராம்.

முகத்துதி செய்து தயவு பெறுவதைக் குறிக்கும் 'கறி ஃபேவர்' தமிழரை ஏமாற்றும் தொடர். சாப்பாட்டுக் 'கறி' தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இந்தக் 'கறி'க்கும் அதற்கும் உறவே இல்லை. இது குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சீவுவதைக் குறிக்கும் பழைய வினை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பிரெஞ்சு அங்கதக் காவியம் ஒன்றில் ஃபோவெல் என்றொரு குதிரை. எல்லோரும் ஓடிவந்து அதற்குத் தேய்த்துவிடுவர். ஃபோவெலைச் சீவுதல் என்பது ஆங்கிலக் காதில் ஃபேவர் ஆயிற்று. நாம் குதிரையை விட்டுக் காக்காய் பிடிக்கிறோம்.

இரு மொழித் தொடர்கள் சில சமயம் அச்சாகப் பொருந்தும்: ஆங்கிலத்திலும் தமிழிலும் நட்டப்பட்டவர் விரலையோ கையையோ சுட்டுக்கொள்கிறார். உருவம் ஒத்துப் பொருள் விலகும்போதுதான் தடுமாற்றம். 'புல்லிங் சம்ஒன்ஸ் லெக்' என்றால் விளையாட்டாகக் கலாய்த்தல். தமிழில் காலை வாருவது துரோகம். சிவப்பு நாடா, பனிப்போர் போன்றவை செய்தித்தாள்களின் மொழிபெயர்ப்பால் தமிழிலேயே குடியேறிவிட்டன. 'பிளாக் ஷீப்' மட்டும் வந்த இடத்தில் பொருள் மாறியது. ஆங்கிலத்தில் அது குடும்பத்தின் பேரைக் கெடுத்தவர். தமிழ்ப் பத்திரிகைகளின் கருப்பு ஆடு, உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவர்.